நடைப்பயிற்சியின்போது கைகளில் டம்பெல் ஏந்துவது உடம்புக்கு நல்லதா?

ரேஸ்கோர்ஸ்வாசி (கோயம்புத்தூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்தரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இரண்டு சுற்று நடந்து வருகிறேன். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரத்தை நடந்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. என் எடை 64 கிலோ. இரத்த அழுத்தத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சென்ற மாதம் எடுத்த, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 விழுக்காடு என்று வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார்.

எங்கள் பாதையில் சிறிய டம்பெல்களைக் கையில் பிடித்தபடி நடப்பவர்கள் கடந்த ஓராண்டாகவே பெருகி வருகிறார்கள். நடக்கிற நேரத்திலேயே கைக்கும் பயிற்சி ஆகிவிடும், கொழுப்பும் சீக்கிரம் கரையும் என்று கூட நடக்கும் அக்கா ஒருவர் சொல்ல, என் மகள் ஒரு கிலோ எடையுள்ள ஒரு ஜோடியை வாங்கித் தந்தாள். முதல் வாரம் மிகவும் உற்சாகமாக இருந்தது. வழக்கத்தைவிட வியர்த்தது, வீட்டுக்கு வந்து உட்காரும்போது, இன்று கூடுதலாக உழைத்திருக்கிறோம் என்கிற நிறைவும் இருந்தது.

பத்தாம் நாள் வாக்கில், வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்காகக் கையை உயர்த்தியபோது வலது தோளின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று வலித்தது. அன்றிலிருந்து பலகையின் பாதி உயரத்துக்குக் கீழேதான் எழுதி வருகிறேன். பின் வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதுகிறார்கள். காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்குவதற்கும் சற்று நேரம் பிடிக்கிறது. நான்கு நாள்களாக எடைகளை எடுத்துச் செல்லவில்லை; வலி குறைந்திருக்கிறது, ஆனால் முழுவதும் போகவில்லை.

இப்படி எடை ஏந்தி நடப்பதால் உண்மையிலேயே கூடுதல் பலன் உண்டா, என்னைப் போல இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைச் செய்யலாமா, அல்லது நான் பிடித்த முறையில்தான் பிழை இருந்ததா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பொருநைக்கரை (திருநெல்வேலி) எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. நான் பதினாறு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் சொல்லும் வலியுடன் நடுத்தர வயதுப் பெண்கள் பலர் எங்களிடம் வருகிறார்கள். நேரில் பார்க்காமல் உங்கள் தோளுக்கு இன்னதுதான் என்று சொல்வது முறையாகாது. ஆனால் கையில் எடையுடன் நடக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் பலன் பற்றிய கணக்கைப் பார்ப்போம். சமதரையில் உங்கள் வேகத்தில் நடப்பதற்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஆற்றல் செலவாகும். 64 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் அது சுமார் 225 கலோரி. அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் கையில் எடை ஏந்தி நடந்தால், ஆய்வுகளின்படி, ஆற்றல் செலவு 5 முதல் 15 விழுக்காடு வரை கூடுகிறது; இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து வரை உயர்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரம் முழுவதும் எடையை ஏந்தி நடந்து நீங்கள் கூடுதலாகச் செலவழிப்பது பதினொன்றிலிருந்து முப்பத்து நான்கு கலோரிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையிலேயே இருபது கலோரி வரை இருக்கிறது. அந்த எடைகளை வீட்டில் வைத்துவிட்டு, மணிக்கு 4.8 கிலோமீட்டர் என்ற வேகத்தில் நடப்பவர் 5.6 கிலோமீட்டருக்கு ஏறினால், ஆற்றல் செலவு இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். உங்கள் எடைக்கு அது ஒரு மணிக்கு ஐம்பது கலோரி. வேகத்தைச் சிறிது கூட்டினால் கிடைப்பதைவிடக் குறைவான பலனை, தோளை வருத்திப் பெறுகிறோம் என்பதுதான் என் முதல் தயக்கம்.

கைக்குப் பயிற்சி ஆகும் என்று சொல்வது பாதிதான் உண்மை. தசை வலுவடைய வேண்டுமானால், பத்துப் பதினைந்து முறை தூக்கியவுடன் இனி முடியாது என்று தோன்றுகிற அளவுக்குச் சுமை இருக்க வேண்டும். நடக்கும்போது கை ஊசல்போல ஆடுகிறதே தவிர, எடையை எதிர்த்து மேலே தூக்குவது மிகக் குறைவு. ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் அடிக்கு மேல் எடுத்து வைக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு கையும் மூவாயிரம் முறைக்கு மேல் முன்னும் பின்னும் போய் வருகிறது. ஒரு கிலோ என்பது தசையை வளர்ப்பதற்குப் போதாத சுமை. ஆனால் மூவாயிரம் முறை தசைநாரை உரசுவதற்குப் போதுமான சுமை.

ஏன் தோள் வலிக்கிறது என்பதற்கு நம் வீட்டு அனுபவமே விடை சொல்லும். நிறைகுடத்தை இடுப்பில் அணைத்துச் சுமந்து தெரு முழுவதும் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் நான்கு அடி நடக்க முடியாது. உடலைவிட்டுத் தள்ளிப் போகப்போகச் சுமை மூட்டின் மீது ஏற்படுத்தும் இழுவிசை பெருகிக்கொண்டே போகும். நம் கையோ தோளிலிருந்து அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு தொங்குவது. அதன் நுனியில்தான் டம்பெல் இருக்கிறது. வீச்சின் ஒவ்வொரு முனையிலும் அந்த எடையை நிறுத்தித் திருப்ப வேண்டிய வேலை, தோள் உருண்டையைக் குழியில் பிடித்து வைத்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு சிறு தசைகளின் மீது விழுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தசைநார்கள் இளமையில் இருந்ததுபோல இருப்பதில்லை. கரும்பலகையில் மேல்வரி எழுதும்போது சுருக்கென்றதாகச் சொன்னீர்கள். கை மேலே போகும்போது தோள் எலும்புக்கடியில் அந்த நார் நெருக்கப்படுவதாலும் இப்படி வலிக்கலாம்.

கை வீசுவதைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் அழகுக்காகக் கை வீசுவதில்லை. கால்கள் முன்னும் பின்னும் போகும்போது உடல் திருகிக்கொள்ளாமல் இருக்க, எதிர்க்கை ஈடுகட்டுகிறது. காலின்ஸ், குவோ முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கைகளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இயல்பாக நடப்பதைவிட 12 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவானது தெரியவந்தது. இலகுவாக வீசும் கை நடையை எளிதாக்குகிறது. எடையைப் பிடித்தவுடன் பலர் கையை வீசுவதை நிறுத்திவிட்டு, தோளைக் காதுவரை உயர்த்தி, கழுத்தை இறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பூங்காவிலும் இதை நாள்தோறும் காண்கிறேன்.

இரத்த அழுத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பொருளை இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தால், முன்கைத் தசைக்குள் இரத்தம் பாயும் வழி நெருக்கப்பட்டு, உடல் அதை ஈடுகட்ட அழுத்தத்தை உயர்த்துகிறது. கை எடையுடன் நடக்கும்போது சிலருக்கு எதிர்பார்ப்பதைவிட அழுத்தம் அதிகமாக ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். உங்களுக்கு மாத்திரையால் கட்டுக்குள் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் மீண்டும் தொடங்க நினைத்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று: சர்க்கரை அளவு உயர்ந்து வருபவர்களுக்கு உறைதோள் என்று சொல்லப்படும் தோள்மூட்டு இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அதனால் இந்த வலியை அலட்சியமாக விடாதீர்கள்.

வைகைக்காற்று (மதுரை) எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு வயது 61. என் அனுபவம் பிறருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில், உடற்பயிற்சிக்கூடத்துப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னார் என்று, இரண்டிரண்டு கிலோ எடைகளைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு நடந்தேன். ஒரு கிலோ பெண்களுக்கு, ஆண்களுக்கு இரண்டு கிலோவாவது வேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். எட்டாம் மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்புற எலும்பில் வலி தொடங்கியது. பிறகு காலையில் காபி டபராவை எடுத்து டம்ளரில் ஆற்றுவதற்குக்கூட இரு கையும் வேண்டியிருந்தது. கதவுத் தாழ்ப்பாளைத் திருகுவது, துண்டைப் பிழிவது, இரு சக்கர வாகனத்தின் ஆக்சிலரேட்டரை முறுக்குவது எல்லாம் வலித்தன. டென்னிஸ் எல்போ என்றார்கள். வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். இறுகப் பிடிக்கும் எந்த வேலையும் இந்த வலியைக் கொண்டுவரும் என்று அவர் விளக்கினார். முழுவதும் குணமாக ஒன்பது மாதம் ஆனது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. மார்கழி மாதத்தில் விடியும் முன்பு நடந்துகொண்டிருந்தேன். நடைமேடையில் ஒரு கல் பெயர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. தடுக்கி விழும்போது இரண்டு கையிலும் டம்பெல். விரலை விரித்துத் தரையை ஊன்ற முடியவில்லை. எடைகளை விட்டுவிட வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றவே இல்லை. மூடிய முட்டியும் அதற்குள்ளிருந்த இரும்பும்தான் முதலில் தரையைத் தொட்டன. அடுத்து தாடை. இரண்டு விரல் எலும்புகளில் கீறல், தாடையில் நான்கு தையல். கை காலியாக இருந்திருந்தால் உள்ளங்கை சிராய்ப்போடு போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். நம் ஊர் நடைமேடைகளில் நடப்பவர்களுக்கு, அதுவும் தெருநாய்கள் திரியும் நேரத்தில் நடப்பவர்களுக்கு, இரண்டு கையும் காலியாக இருப்பதே பாதுகாப்பு.

பீஷான்நிழல் (சிங்கப்பூர்) எழுதுகிறார்:

வணக்கம். மேலே எழுதியவர்கள் சொன்ன எச்சரிக்கைகளை மதிக்கிறேன். ஆனாலும் ஐந்து ஆண்டுகளாகக் கை எடையுடன் நடந்து பலன் கண்டவள் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுங்கள் என்பது எளிய அறிவுரைதான்; ஆனால் என் முழங்கால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. படியோ ஏற்றமோ ஏறினால் மறுநாள் நொண்ட வேண்டியிருக்கிறது. மெதுவாக நடந்தாலோ மூச்சு வாங்குவதே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு, காலால் கொடுக்க முடியாத உழைப்பைக் கையால் கொடுப்பது ஒரு வழி. இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் லியோனார்ட் ஷ்வார்ட்ஸ் 1982லேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதி, அமெரிக்காவில் பரவலாக்கினார். அவர் சொன்னது எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதை அன்று. கைகளை முனைப்பாக மேலே உயர்த்தி இயக்கி, கால், கை இரண்டையும் ஒரே நேரத்தில் உழைக்க வைப்பதைத்தான். இன்று பூங்காக்களில் நாம் பார்ப்பது அதன் பாதி வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் நடக்கிறேன். பாதை சமமானது, விளக்கு வெளிச்சம் போதுமானது, தடுக்கும் கல் கிடையாது. அரைக் கிலோ எடைதான் எடுத்துச் செல்கிறேன். ஐந்து ஆண்டுகளில் அதைக் கூட்டியதே இல்லை. முதல் பத்து நிமிடம் வெறுங்கையோடு நடந்து உடம்பு சூடான பிறகு, இடுப்பில் கட்டிய பையிலிருந்து எடைகளை எடுத்து, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கை இடுப்பிலிருந்து மார்பு உயரம்வரை போய் வருமாறு ஐந்து நிமிடம் நடப்பேன். பிறகு பையில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெறுங்கை. இப்படி மூன்று தடவை. என் கடிகாரத்தில் பார்த்தால் எடையுள்ள ஐந்து நிமிடங்களில் இதயத் துடிப்பு 104இலிருந்து 112, 113 வரை ஏறுகிறது. வேகமாக நடக்கக்கூடியவருக்கு இது அற்பமாகத் தெரியலாம். எனக்கு அதுதான் நடையைப் பயிற்சியாக்குகிறது.

பொருநைக்கரை எழுதுகிறார்:

சிங்கப்பூர் அம்மா சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். என் முதல் பதிலில் இதைச் சொல்லாமல் விட்டது குறைதான். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் வேகமாக நடக்க முடியாதவர்களுக்குக் கை உழைப்பு பயன்படும். அவர் செய்வதில் கவனிக்க வேண்டியவை அரைக் கிலோ, மடக்கிய முழங்கை, இடைவெளி விட்ட ஐந்து நிமிடங்கள் ஆகிய மூன்றும்தான். முழங்கையை மடக்கும்போது எடை தோளுக்கு அருகே வந்துவிடுகிறது. நான் சொன்ன குடத்தை இடுப்புக்குக் கொண்டுவருவதுபோல. இடைவெளி விடுவதால் பிடியும் தளர்கிறது.

அதே நேரத்தில், மூட்டில் கோளாறு இல்லாமல் வேகமாக நடக்கக்கூடியவர்கள் இதைப் பின்பற்ற வேண்டிய தேவை எனக்குப் புலப்படவில்லை. அவர்களுக்கு ஏற்றம் இருக்கிறது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஒரு சாய்வில் அதே வேகத்தில் ஏறினால், சமதரையைவிட ஆற்றல் செலவு பாதிக்கு மேல் கூடுகிறது. சாய்வான தெரு ஒன்று பக்கத்தில் இருந்தால் அதில் நான்கு தடவை ஏறி இறங்குவது எந்த டம்பெல்லும் தராத உழைப்பைத் தரும்.

காவிரிக்கிளை (கும்பகோணம்) எழுதுகிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கர்லாக்கட்டை சுற்றியவர். எனக்கும் பதினான்கு வயதில் கற்றுக்கொடுத்தார். இன்று அறுபத்தெட்டிலும் வாரம் மூன்று நாள் சுற்றுகிறேன். அவர் எங்களுக்கு வைத்திருந்த கட்டுப்பாடு, கட்டையைக் கையில் எடுத்தால் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்பது. இரண்டு பாதத்தையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, இடுப்பிலிருந்து வரும் விசையால் கட்டை முதுகுக்குப் பின்னால் சுற்றி வர வேண்டும். தோள் மட்டும் இழுத்தால் பின்னாலிருந்து ஒரு தட்டு விழும். நடக்கும்போது எதையும் தூக்கவிட மாட்டார். நடையின் தாளம் வேறு, கட்டையின் தாளம் வேறு என்பார்.

எடைப் பயிற்சியையும் நடையையும் ஒன்றாகக் கலப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினாலும், இரண்டிலும் அரைகுறைதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஆசிரியை அம்மா வலியோடு கர்லாக்கட்டையைத் தொட்டுவிட வேண்டாம். அதற்கு ஆரோக்கியமான தோளும் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆளும் வேண்டும்.

ரேஸ்கோர்ஸ்வாசி எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மதுரை அண்ணன் விழுந்த கதையைப் படித்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. எங்கள் பாதை நன்றாகப் போடப்பட்டதுதான். ஆனால் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் தெருவில் அப்படிப்பட்ட கற்கள் பல உண்டு.

முதல் பதிலைப் படித்த பிறகு நான் எப்படி நடந்தேன் என்று கண்ணாடி முன்னால் எடைகளைப் பிடித்து நின்று பார்த்தேன். தோள் இரண்டும் உயர்ந்துதான் இருந்தன. கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்திருந்தேன். விரல் விறைப்புக்கும் காரணம் விளங்கியது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மணிக்கட்டில் வெல்க்ரோ போட்டுக் கட்டிக்கொள்ளும் எடைப்பட்டைகள் கிடைக்கின்றனவே, அவற்றில் பிடிக்கிற வேலை இல்லை, அவை நல்லவையா? கணுக்காலில் கட்டுவதும் உண்டு என்கிறார்கள். இன்னொன்று, வாங்கிய டம்பெல்களை வீணாக்க மனமில்லை. சர்க்கரைக்குத் தசை வலு வேண்டும் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார். அவற்றை வீட்டில் எப்படிப் பயன்படுத்தலாம்?

பொருநைக்கரை எழுதுகிறார்:

அம்மா, மணிக்கட்டுப் பட்டையில் பிடி இறுக்கம் இல்லை என்பது உண்மை. விழுந்தால் கையை ஊன்றவும் முடியும். அந்த இரண்டு வகையில் அது டம்பெல்லைவிட மேல். ஆனால் எடை கையின் நுனியில்தான் இருக்கிறது என்பதால் தோளுக்குள்ள தொல்லை அப்படியே இருக்கும். கணுக்கால் பட்டையுடன் நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது காலைத் தூக்கி வைக்கும் இயல்பையே மாற்றி, இடுப்பின் முன்தசையையும் முழங்காலையும் கீழ்முதுகையும் இழுக்கிறது. கால் தரையில் உரசித் தடுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நாங்கள் அதைப் பயன்படுத்துவது நாற்காலியில் உட்கார வைத்து முழங்காலை நீட்டி மடக்கச் செய்யும்போதுதான்.

சுமையுடன்தான் நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதை உடலின் நடுவே வைத்துக்கொள்வது நல்லது. முதுகோடு ஒட்டி நிற்கும் பையில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, உங்களுக்கு மூன்று கிலோ, வைத்துத் தொடங்கலாம். முதுகுவலியும் எலும்பு மென்மையும் இல்லாதவர்களுக்கு மட்டும். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் கோடைகாலத்தில் கோல் ஊன்றிப் பயிற்சி செய்ததிலிருந்து வளர்ந்த நோர்டிக் நடை என்ற முறையும் உண்டு. அதில் இரண்டு கோல்களால் தரையைப் பின்னுக்குத் தள்ளி நடப்பதால் கையும் முதுகும் உழைக்கின்றன, ஊன்றுகோலும் ஆகிறது. தார்ச்சாலைக்கு நுனியில் ரப்பர் பொருத்திய கோல் வேண்டும்.

இனி உங்கள் டம்பெல்களுக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பையும், அதற்குப் புறம்பாக இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் கேட்கிறது. நடையில் உங்களுக்கு முந்நூறு நிமிடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. இரண்டாம் பாதிதான் பாக்கி. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசைதான் என்பதால், உங்கள் 6.1க்கு இந்தப் பாதி மிகவும் தேவை. ஆனால் அதில் பெரும் பங்கு தொடைக்கும் பிட்டத்துக்கும் உரியது, கைக்கு அன்று. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரம் போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் பத்து முறை. மூச்சை அடக்காதீர்கள்; எழும்போது வெளியே விடுங்கள். தோள்வலி தீர்ந்த பிறகு, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ டம்பெல் உங்கள் தோளின் சிறு தசைகளுக்குச் சரியான எடையாகப் பின்னால் பயன்படும். வலி நீங்கிய பிறகு, முதலில் எடையே இல்லாமல், இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் மெதுவாக மேலே திருப்பி இறக்குங்கள். இரண்டு வாரம் வலியின்றிச் செய்ய முடிந்தால் அரைக் கிலோ தண்ணீர்ப் புட்டியைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு டம்பெல்.

அதுவரை வெறுங்கையோடு நடந்து வாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற வேகத்தில் பத்து நிமிடம், வழக்கமான வேகத்தில் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றிப் போனால் அந்த ஒரு மணி நேரமே போதுமானது. இன்னும் இரண்டு வாரத்தில் கரும்பலகையின் மேல்வரி எட்டவில்லை என்றாலோ, இரவில் வலப்பக்கம் படுக்க முடியவில்லை என்றாலோ, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சேலை கட்டுவதற்குச் சிரமமாக இருந்தாலோ, தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூட்டு இறுகுவதற்கு முன்பு வந்தவர்களை நாங்கள் சீக்கிரம் சரிசெய்து அனுப்பியிருக்கிறோம்.

ரேஸ்கோர்ஸ்வாசி எழுதுகிறார்:

மிக்க நன்றி ஐயா. இன்று காலை வெறுங்கையோடுதான் நடந்தேன். வேகத்தை மாற்றி மாற்றி இரண்டு சுற்று முடித்தபோது ஐம்பத்து நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. பிற்பகல் வகுப்பில் மேலிருந்து இரண்டாம் வரிவரை எழுத முடிந்தது. மேல்வரிக்குக் கை இன்னும் போகவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.